கம்பி மிதித்த நாள்

எங்கள் ஊரில் முதன்முதலாகக் கான்கிரீட் வீடு கட்டியவர் என் பெரியப்பா. கீரனூரில் பஸ்ஸை விட்டு இறங்கி, மாட்டுவண்டியில் அரைப்பொழுது போனால்தான் எங்கள் ஊர் வரும். ஓட்டு வீட்டையும் கூரை வீட்டையும் தவிர வேறு எதையும் அந்த ஊர் கண்டதில்லை. பெரியப்பா ஏதோ காரியமாகத் திருச்சிக்குப் போனவர், அங்கே ஒரு டாக்டர் வீட்டின் முன்னால் நின்று அண்ணாந்து பார்த்துவிட்டு வந்தார். அந்த வீட்டு வாசலுக்கு மேலே, தூண் ஒன்றும் இல்லாமல், தளம் அப்படியே வெளியே நீட்டிக்கொண்டு நின்றதாம். அன்றிலிருந்து அவருக்குச் சோறு இறங்கவில்லை. கட்டினால் அப்படித்தான் கட்டுவது என்று ஒற்றைக்காலில் நின்றார். தூண் இல்லாமல் எப்படி நிற்கும் என்று கேட்டவர்களிடம், "உள்ள கம்பி இருக்குய்யா, கம்பி" என்பார். அவருக்கும் அதற்கு மேல் தெரியாது.

அறுபதுகளின் தொடக்கம் அது. கம்பிக்கும் சிமெண்டுக்கும் பர்மிட் வாங்க வேண்டும். பெரியப்பா ஆபீசுக்கு நடையாய் நடந்து, யார் யாரையோ பிடித்து, ஒரு வழியாகக் கம்பி வந்து சேர்ந்தது. கீரனூர் வரை லாரியில் வந்து, அங்கிருந்து எங்கள் வண்டியில் ஏறியது. மடக்கிக் கட்டியிருந்தும் அதன் வால் வண்டிக்குப் பின்னால் நீண்டு தரையை உரசிக்கொண்டே வந்தது. செம்மண் பாதையில் அது கிழித்த கோடுகளின் மேல் நடந்தே நாங்கள் பிள்ளைகள் எல்லோரும் வீடு வந்தோம். ஊரே திரண்டு வந்து கம்பியைத் தொட்டுப் பார்த்தது. இவ்வளவு பாடுபட்டு வாங்கியதை உள்ளே வைத்து மூடிவிட்டால் யாருக்குத் தெரியும், வெளியே தெரிகிற மாதிரி வைக்கக் கூடாதா என்று ஒருவர் கேட்டார். பெரியப்பாவுக்கும் உள்ளூர அந்த வருத்தம் இருந்தது என்றே நினைக்கிறேன்.

என் அத்தையைப் பற்றிச் சொல்லிவிட வேண்டும். பெரியப்பாவுக்கும் என் அப்பாவுக்கும் ஒரே தங்கை. ஜெகதாப்பட்டினத்துப் பக்கம் கட்டிக்கொடுத்தார்கள். வருஷம் திரும்புவதற்குள் புருஷன் காய்ச்சலில் போய்விட, வெள்ளைச் சேலையோடு பிறந்த வீட்டுக்குத் திரும்பி வந்தவள். மாட்டுக்கொட்டகையை ஒட்டி இறக்கியிருந்த சார்ப்பில்தான் அத்தைக்குப் படுக்கை. வெளியே கிளம்புகிறவர்களுக்கு எதிரே வந்துவிடக் கூடாதே என்று, எல்லோரும் எழுவதற்கு முன்பே எழுந்து வேலைகளை முடித்துவிட்டுக் கொட்டகைக்குள் போய்விடுவாள். அதை யாரும் அவளிடம் வாய்விட்டுச் சொன்னதாக எனக்கு நினைவில்லை. எங்கள் வீட்டில் இப்படிப்பட்ட விஷயங்களைச் சொல்லாமலே புரியவைத்துவிடுவார்கள்.

பெரியம்மாவுக்குப் பிள்ளையே இல்லாமலிருந்து, கோயில் குளமெல்லாம் சுற்றி, கடைசியில் ஒரு பையன் பிறந்திருந்தான். பெரியம்மா நோஞ்சான். பால் கொடுத்தது தவிர மற்றதெல்லாம் அத்தைதான். குளிப்பாட்டுவது, சோறூட்டுவது, தூங்கவைப்பது எல்லாம். தம்பி அத்தையைத்தான் 'ம்மா' என்பான். விசேஷ நாட்களில் மட்டும் அவனை அத்தையிடமிருந்து வாங்கிக்கொள்வார்கள்.

புது வீட்டுக்கு நூல் பிடித்த அன்று பெரியப்பா நல்ல குஷியில் இருந்தார். பின்கட்டில் ஒரு மூலையில் குச்சியால் சதுரமாகக் கோடு கிழித்து, "இது ஒனக்கு. இனிமே மாட்டோட படுக்க வேணாம்" என்று அத்தையிடம் சொன்னார். அத்தை சாயங்காலம் ஆளரவம் இல்லாத நேரத்தில் அந்தக் கோட்டுக்குள் போய்ச் சம்மணம் போட்டு உட்கார்ந்து பார்த்தாள். வெறும் மண்ணில் உட்கார்ந்துகொண்டு, எங்கே பாய் விரிப்பது, எங்கே பெட்டியை வைப்பது என்று கையால் அளந்துகொண்டிருந்தாள். ஒரு மனுஷிக்கு இவ்வளவு சின்ன ஆசை போதுமா என்று இப்போது நினைத்துக்கொள்கிறேன்.

பங்குனியில் தளம் போட நாள் குறித்தார்கள். புதுக்கோட்டையிலிருந்து வந்த கொத்தனார் பலகை அடித்து, அதன் மேல் கம்பியைக் கட்டி முடித்திருந்தார். அறைகளுக்கு மேலே கம்பி பலகையை ஒட்டினாற்போல் தாழக் கிடந்தது. வாசலுக்கு மேல் வெளியே நீட்டுகிற இடத்தில் மட்டும் அடியில் கல் முட்டுக்கொடுத்து உயரத் தூக்கிக் கட்டியிருந்தார். ஏன் அப்படி என்று யாரும் கேட்கவில்லை. அந்த இடத்தில் கால் வைத்தால் கம்பி நெகிழ்ந்து கொடுத்தது. பிள்ளைகளுக்கு அது போதாதா?

பூமி பூஜைக்கு ஒரு முறை இருக்கிறது. நிலை வைக்க, குடி புகத் தனித்தனியே முறைகள் இருக்கின்றன. கான்கிரீட்டுக்கு மட்டும் எங்கள் முன்னோர் ஒன்றும் சொல்லாமல் போய்ச் சேர்ந்துவிட்டார்கள். அதற்காகச் சும்மா இருக்க முடியுமா? சொந்தபந்தம் கூடி யோசித்துத் தாங்களே ஒரு முறையை உண்டாக்கினார்கள். லட்சுமி வருகிற இடம் வாசல். அதனால் வாசலுக்கு மேலே இருக்கிற கம்பிக்குச் சுமங்கலிகள் மஞ்சள் துணி முடிந்து, குங்குமம் வைத்து, அதன் மேல் காலாற நடந்து வர வேண்டும். அதன் பிறகே முதல் சட்டிக் கலவையைக் கொட்ட வேண்டும். பெரியப்பா அதற்குக் 'கம்பி மிதி' என்று பெயரும் வைத்துவிட்டார், பூமிதி மாதிரி.

பட்டுச்சேலை சரசரக்கப் பெண்கள் சாரத்தில் ஏறிப் போனார்கள். தம்பியை இடுப்பில் வைத்துக்கொண்டு பெரியம்மா முதலில் நடந்தாள். பின்னால் என் அம்மா, மாமிமார், ஊர்ப் பெண்கள். சீர்த்தட்டோடு வந்திருந்த, தம்பியின் தாய்மாமனை மட்டும் கீழே நிற்கச் சொல்ல முடியுமா? அவரும் ஏறினார். அவர் ஏறியதும் பங்காளிகள் ரோசப்பட்டு ஏறினார்கள். கடைசியில் நாங்கள் பிள்ளைகள் ஏறிக் குதித்தோம். கொத்தனார் ஓரத்தில் நின்றுகொண்டு, "பாத்துங்க, பாத்துங்க" என்று சொல்லிக்கொண்டே இருந்தார். எங்கள் கால் இடுக்கில் மாட்டிக்கொள்ளுமே என்று கவலைப்படுகிறார் என்று நினைத்தோம்.

"எங்க வீட்டுப் பொம்பளைக வரப்புல நடந்து பழகுனவுக. ஒண்ணும் ஆகாது, நீங்க வேலயப் பாருங்க" என்றார் பெரியப்பா.

கொத்தனாருக்கு வைத்திருந்த புது வேட்டியும் துண்டும் தாம்பாளத்தில் இருந்தன. அத்தனை பெரிய மனிதர்களைப் பார்த்து இறங்குங்கள் என்று சொல்ல அவருக்கு வாய் வந்திருக்காது. நாங்கள் கால் எடுக்க எடுக்கச் சித்தாள்கள் சட்டி சட்டியாகக் கலவையைக் கொண்டுவந்து கொட்டினார்கள். மஞ்சள் துணியெல்லாம் ஒவ்வொன்றாக மறைந்தது. கீழே கிடா வெட்டிச் சோறு ஆக்கியிருந்தார்கள். ஊருக்கே சாப்பாடு.

மறுநாள் யாருக்கும் எழுந்திருக்கத் தெம்பில்லை. தளத்தின் மேல் பாத்தி கட்டித் தண்ணீர் தேக்கிவைக்க வேண்டும், காயவிடக் கூடாது என்று கொத்தனார் சொல்லியிருந்தார். சடங்கு செய்யப் போட்டி போட்டவர்களில் தண்ணீர் சுமக்க ஒருவரும் வரவில்லை. அத்தைதான் குடத்தை எடுத்தாள். கோடையில் எங்கள் கிணற்றில் தண்ணீர் பாதாளத்துக்குப் போய்விடும். இறைத்து, சுமந்து, சாரத்தில் ஏறி, ஊற்றிவிட்டு இறங்கி மறுபடியும் இறைப்பாள். உள்ளங்கை தோலுரிந்து போயிற்று. ஆனாலும் அந்த நாட்களில்தான் அத்தை சந்தோஷமாக இருந்ததை நான் பார்த்தேன். ஊற்றி முடித்ததும் மேலேயே கொஞ்ச நேரம் நின்று, கண்மாயையும் அதற்கு அந்தப்பக்கம் பொட்டலையும் பார்ப்பாள். அவள் தாராளமாக நின்று ஊரைப் பார்த்தது அங்கேதான்.

"நல்லா இறுகட்டும். எம்பங்குக்கு நானும் எதாச்சும் செய்யணும்ல" என்றாள் என்னிடம்.

பிறகு தளத்துக்கு அடியில் தாங்கி நின்ற பலகையையும் முட்டுகளையும் பிரித்தார்கள். தளம் அந்தரத்தில் நின்றது. பக்கத்து ஊர்களிலிருந்து வந்து பார்த்துவிட்டுப் போனார்கள். ஆவணியில் குடி புகுந்தோம். அன்று அத்தை பின்வாசல் வழியாக வந்து தன் அறைக்குள் போனாள். ஒரு தகரப்பெட்டி, ஒரு பாய், சுவரில் ஒரு முருகன் படம். தம்பி ராத்திரியில் அங்கேதான் படுப்பான்.

ஐப்பசியில் மழை பிடித்தது. வெளியே நீட்டிய தளம் சுவரைத் தொடுகிற இடத்தில், மேல்பக்கம் மயிரிழை போல ஒரு வெடிப்பு ஓடியிருந்தது. பெரியப்பா சிமெண்டைக் குழைத்து அதன் மேல் தடவச் சொன்னார். தடவிய இடம் அழகாகத்தான் இருந்தது.

ஒரு நாள் காலை, மழை விட்டிருந்தது. முற்றமெல்லாம் சேறு. வாசல் தளத்துக்குக் கீழேதான் காய்ந்த இடம். அத்தை தம்பியை அங்கே சுவரோரமாக உட்காரவைத்துப் பால்சோறு ஊட்டிக்கொண்டிருந்தாள். அவனுக்கு விக்கல் எடுத்தது. தண்ணீர் எடுக்க உள்ளே போனாள். நான் நடையில் தலை வாரிக்கொண்டிருந்தேன். பெரிய சத்தம் என்றுகூடச் சொல்ல முடியாது. முதலில் ஏதோ முறிகிற மாதிரி ஒரு ஓசை, பிறகு தரை ஒரு தடவை அதிர்ந்தது. அத்தை சொம்போடு ஓடி வந்தாள்.

அதற்குப் பிறகு நடந்ததை நான் எழுதப் போவதில்லை. அத்தை வெறும் கையால் அந்தக் கான்கிரீட்டைத் தூக்கப் பார்த்தாள் என்பதை மட்டும் சொல்கிறேன். ஊர் ஆண்கள் எல்லோரும் கடப்பாரையோடு வந்துதான் தூக்க முடிந்தது.

தளம் அறுந்து விழவில்லை. மடங்கித் தொங்கியிருந்தது. பிளந்த வாயில் மேலே பூராவும் வெறும் கான்கிரீட். கம்பியெல்லாம் அடியில் ஒட்டிக் கிடந்தது. அதில் மஞ்சள் துணி முடிச்சு ஒன்று சாயம் போகாமல் அப்படியே இருந்தது. நான் அதைப் பார்த்தேன். எல்லோரும்தான் பார்த்தார்கள்.

எல்லாம் முடிந்த பிறகு கொத்தனாரை வரவழைத்தார்கள். கம்பியைத் திருடிவிட்டான், அதுதான் விழுந்தது என்று பங்காளிகள் அவரை அடிக்கப் பாய்ந்தார்கள். அவர் பிள்ளைகள் மேல் சத்தியம் செய்தார். உடைத்துப் பார்த்தார்கள். கம்பி ஒன்றுகூடக் குறையவில்லை. கொத்தனார் அந்தப் பிளவின் முன்னால் குந்தி உட்கார்ந்து நெடுநேரம் பார்த்தார். மஞ்சள் துணியைத் தொட்டார். நிமிர்ந்து, வாசல் வழியே தெரிந்த கூடத்து மூலையில் சுருண்டு கிடந்த பெரியம்மாவைப் பார்த்தார். ஏதோ சொல்ல வந்தவர் நிறுத்திக்கொண்டு, மெதுவாக, "தண்ணி யாரு கட்டுனது?" என்று கேட்டார்.

வேறு எதையாவது கேட்க வேண்டுமே என்று கேட்ட கேள்வி அது. இன்று எனக்கு அப்படித்தான் தோன்றுகிறது. ஆனால் எல்லோரும் பின்கட்டுப் பக்கம் திரும்பினார்கள்.

"நல்ல காரியத்துல ஒதுங்கி நிக்க வேண்டியவ, கொடத்தத் தூக்கிக்கிட்டு மேல ஏறுனாளே, யாரக் கேட்டு ஏறுனா?" என்றாள் மாமி ஒருத்தி. பெரியம்மா எழுந்து வந்து, "எம்புள்ளய முழுங்கிட்டியேடி" என்று அத்தையின் தலைமயிரைப் பிடித்தாள். அத்தை தடுக்கவில்லை. "ஆமா, நாந்தான் ஊத்துனேன்" என்றாள். "நாந்தான் ஒக்கார வச்சேன்" என்றாள். அவள் வாயிலிருந்து வேறு வார்த்தையே வரவில்லை. தாலியறுத்தவள் கை பட்ட தண்ணீரில் ஊறிய தளம் எப்படி நிற்கும் என்று கூடத்தில் இருந்த அத்தனை பேருக்கும் அந்த நிமிஷத்தில் கட்டடக் கலை புரிந்துவிட்டது. அதே தண்ணீரை அவள் வீடு முழுக்கத்தான் ஊற்றினாள், மற்ற தளமெல்லாம் கல்லாக நிற்கிறதே என்று ஒருவரும் கேட்கவில்லை. என் அப்பா சுவரில் சாய்ந்துகொண்டு தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். கூடப்பிறந்த தங்கைக்காக ஒரு வார்த்தை பேசவில்லை. நல்ல மனிதர் என்றுதான் அவரை ஊர் சொல்லும். அந்த மௌனத்துக்காக நான் அவரை இன்றுவரை மன்னிக்கவில்லை.

காரியம் முடிந்த மறுநாள் அத்தையைத் தகரப்பெட்டியோடு புருஷன் வீட்டு ஊருக்கு அனுப்பிவிட்டார்கள். அங்கே இருந்தது ஒரு கொழுந்தன் குடும்பம்தான். பின்கட்டு அறையில் நெல் மூட்டை அடுக்கினார்கள். முருகன் படத்தை எடுக்க யாருக்கும் தோன்றவில்லை. மூட்டைகளுக்குப் பின்னால் அது அப்படியே இருந்தது.

எனக்குக் கல்யாணம் நிச்சயமான சமயம், அடம்பிடித்து அப்பாவோடு அந்த ஊருக்குப் போனேன். உப்புக்காற்று அடிக்கிற ஊர். அத்தை மறுபடியும் ஒரு கொட்டகை ஓரத்தில்தான் இருந்தாள். பாதி ஆளாகியிருந்தாள். அப்பா உள்ளே வரவில்லை, தெருவிலேயே நின்றுகொண்டார். வெயிலில் வந்த எனக்கு நாக்கு வறண்டது. தண்ணீர் கேட்டேன்.

"பானை அங்கிட்டு இருக்கு. நீயே மொண்டு குடிச்சுக்க ஆத்தா. கல்யாணப் பொண்ணு, எங்கையால வேணாம்" என்றாள்.

நான் குடித்து முடிக்கும்வரை பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, ரகசியம் போலக் கேட்டாள்: "நான் தண்ணிய நெறயா ஊத்திட்டேனோ, இல்ல கொறச்சலா ஊத்திட்டேனோ? நெனச்சு நெனச்சுப் பாக்குறேன். எந்தப் பக்கமா நெனச்சாலும் நாந்தான் வருது."

அழுதுவிட்டு வந்தேன். என் கல்யாணத்துக்கு அவள் வரவில்லை, வரவும் மாட்டாள். இரண்டொரு வருஷத்தில் போய்விட்டாள் என்று தகவல் வந்தது. எடுத்துப்போட்ட பிறகுதான் சொல்லி அனுப்பினார்கள்.

வெகுகாலம் கழித்துத் திருச்சியில் நாங்கள் குடியிருந்த வீட்டுக்கு எதிரே மாடி கட்டிக்கொண்டிருந்தார்கள். துணி காயப்போட மொட்டை மாடிக்குப் போயிருந்தேன். எதிர்வீட்டில் முன்னால் நீட்டுகிற தளத்தின் கம்பி மேல் ஒருவன் சட்டியோடு நடந்துவிட்டான் போலிருக்கிறது. மேஸ்திரி கத்தினார். "ஏறி மிதிக்காதடா! வெளிய நீட்டுற தளத்துக்குக் கம்பி மேலதாண்டா நிக்கணும். மிதிச்சு அடில எறக்கிட்டீன்னா கம்பி இருந்தும் இல்லாத மாதிரிதான். நாளைக்கு எவன் தலையிலயாச்சும் விழும். பலகையப் போட்டு நட!"

கையிலிருந்த ஈரத்துணியோடு மாடிச் சுவரோரம் போய் எட்டிப் பார்த்தேன். அவ்வளவுதானா? முன்னால் கவிழப் பார்க்கிற தளத்தைப் பின்னாலிருந்து இழுத்துப் பிடித்துக்கொண்டிருப்பது மேலே இருக்கிற கம்பி. உள்ளே அறைகளுக்கு அது அடியில் கிடப்பதே முறை. அதனால்தான் எங்கள் வீட்டின் மற்ற தளமெல்லாம் நின்றது. கல் முட்டுக்கொடுத்து உயரத் தூக்கி வைத்திருந்த கம்பியை மிதித்துக் கீழே இறக்கியது நாங்கள். பட்டுச்சேலையும் குங்குமமுமாக, சீர்த்தட்டோடு, ஊரில் மங்களமானவர்கள் என்று பெயரெடுத்த அத்தனை பேரும். பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு முதலில் நடந்த பெரியம்மாவும்தான். கொத்தனார் அன்று அவளைப் பார்த்துவிட்டு ஏன் வாயை மூடிக்கொண்டார் என்பதும் அப்போதுதான் விளங்கியது. பெரியம்மா அந்தச் சமயத்தில் உயிரோடுதான் இருந்தாள். அவளிடம் போய் இதைச் சொல்ல எனக்கும் நா எழவில்லை. சொல்ல வேண்டியவளோ போய்ச் சேர்ந்து எத்தனையோ வருஷம் ஆகியிருந்தது.

கம்பி மிதித்த அன்று, எல்லோரும் மேலே இருந்தபோது அத்தை மட்டும் கொட்டகை வாசலில் நின்றிருந்தாள். விசேஷ நாளானதால் அவள் கையில் தம்பி இல்லை. நான் கம்பி மேல் குதித்துக்கொண்டே, "அத்தை, வாங்க, ஊஞ்சலாட்டம் ஆடுது" என்று கத்தினேன்.

அத்தை அவசரமாகத் தலையை ஆட்டினாள். "எங்காலு அதுல படக்கூடாது ஆத்தா. நீங்கள்லாம் நல்லா இருக்கணும்" என்று சொல்லிவிட்டு இரண்டடி பின்னால் தள்ளி நின்றுகொண்டாள்.

உயரம் என்றால் அத்தைக்குப் பயம் என்று நினைத்துக்கொண்டு நான் இன்னும் பலமாகக் குதித்தேன்.